மாதவரத்தில் 68 லட்சத்துக்கு வீடு: மெட்ரோ வருவதை நம்பி வாங்கலாமா?

பெரம்பூர்க்காரன் (ஜூன் 14)

வணக்கம். பன்னிரண்டு வருடமாகப் பெரம்பூரில் வாடகை வீடு. நான், மனைவி, ஏழு வயது மகள், அம்மா. வாடகை 17,000. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில். இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 1 லட்சத்து 5 ஆயிரம். சேமிப்பு 14 லட்சம்.

மாதவரம் பால்பண்ணைக்கும் மஞ்சம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு அடுக்குமாடி கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி, மொத்தம் 16 வீடு. மூன்றாவது மாடியில் 940 சதுர அடி, இரண்டு படுக்கையறை, 68 லட்சம். கிழக்குப் பார்த்த வாசல். அம்மா பார்த்ததும் எதுவும் சொல்லாமல் சமையலறை ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்கள். அப்பா இருந்தவரை சொந்த வீடு அமையவில்லை. அது மனதை என்னவோ செய்துவிட்டது.

விற்பவர் சொல்வது ஒன்றுதான்: மெட்ரோ ஓடத் தொடங்கினால் கோடியைத் தாண்டும், அப்புறம் உங்களால் வாங்க முடியாது. பத்து நாளில் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

தபால்பெட்டி (ஜூன் 14)

வாங்குங்கள். 2019இல் நான் சதுர அடி 5,200க்கு வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஏன்டா, லாரி ஓடுற ஊருக்குப் போறே?" என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் புறநகர் பேருந்து நிலையம் திறந்திருந்தது. ஆந்திரா பக்கம் போகிற பேருந்தெல்லாம் இங்கிருந்துதான். ஜி.என்.டி. சாலையும் உள்வட்டச் சாலையும் கைக்கெட்டும் தூரம். காலை நடைக்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு இது இன்னும் வசதி. பால்பண்ணையில் தொடங்கி சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் மெட்ரோ தடம் மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம், சேத்துப்பட்டு வழியாக நுங்கம்பாக்கம் போகிறது. ஏறினால் இறங்குகிற இடம் அலுவலகம். பால்பண்ணையிலிருந்தே இன்னொரு தடம் ரெட்டேரி, கொளத்தூர், வில்லிவாக்கம், கோயம்பேடு என்று சுற்றி சோழிங்கநல்லூர் போகிறது. இரண்டு தடமும் புறப்படும் இடம் இது. இப்படி ஓர் இடம் வட சென்னையில் வேறெங்கே கிடைக்கும்?

ஆதம்பாக்கத்து அப்பா (ஜூன் 14)

தபால்பெட்டி சொல்வது ஒன்றும் பொய்யில்லை. என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் நீட்டிப்பு, வெறும் 5 கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கியது. 2010இல் நான் ஆதம்பாக்கத்தில் வீடு வாங்கினேன். "இரண்டே வருடம், வாசலில் ரயில்" என்றார்கள். அந்த வாக்கியத்துக்காகவே கூடுதலாக நான்கு லட்சம் கொடுத்தேன். தூண்கள் எழுந்தன, நிலையமும் எழுந்தது. கடைசி 500 மீட்டரில் நிலத் தகராறு வந்து ஆண்டுக்கணக்காக நின்றது. வாங்கும்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிப் படிப்பு முழுவதையும் பேருந்திலேயே முடித்துவிட்டாள்.

மாதவரம் மெட்ரோ வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 2022இல் பால்பண்ணையில் "நீலகிரி" என்ற இயந்திரம் சுரங்கம் தோண்ட இறங்கியது. ஆனால் 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில்தான். நடுவில் நான்கு ஆண்டு. அந்த இடைவெளியில் வட்டி கட்டப்போவது நீங்கள்தான், விற்பவர் இல்லை.

என்னிடம் கேட்டால், ரயிலை மறந்துவிட்டு வீட்டைப் பாருங்கள். ரயிலே வராவிட்டாலும் அந்தத் தெருவில் குடியிருக்கச் சம்மதமா? ஆமாம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

பத்திரம் பார்ப்பவள் (ஜூன் 15)

தம்பி, நான் வழக்கறிஞர். சொத்துப் பத்திரம் பார்ப்பதுதான் தொழில். பத்து நாள் கெடு என்று யார் சொன்னாலும் முதலில் அந்தக் கெடுவைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 16 வீடு என்றால் ரெரா, அதாவது வீடு-மனைத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ போனாலே பதிய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2 லட்சம் அந்த வரம்புக்குள் வரும். ஆனாலும் "எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும்" என்று எழுத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்து நிலம். மாதவரம், மாத்தூர் பக்கம் நான் தனியாகக் கவனிப்பது நகர்ப்புற நில உச்சவரம்பு. நகரில் ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற 1978 சட்டம், 1999இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் உபரி என்று அரசு கையகப்படுத்திய நிலம் அரசுடையதுதான். அதன்மேல் மனை போட்டு விற்றதும், வாங்கியவர்கள் பட்டாவுக்காக அலைவதும் இன்றும் நடக்கிறது. அதனால் வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது. முப்பது வருட மூலப் பத்திரங்கள், பட்டா, அ-பதிவேடு (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு), புல வரைபடம் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புல எண்ணுக்கு எதிரே நஞ்சை என்றிருக்கிறதா, புஞ்சையா, புறம்போக்கா? வாய்க்கால் கோடு எங்கே ஓடுகிறது?

"வங்கியே கடன் தருகிறதே, அப்புறம் என்ன" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வங்கி பார்ப்பது அதன் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை. உங்கள் நிம்மதிக்கு நீங்கள்தான் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிபடாத பாகம், அதாவது மொத்த நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

மணலி மகள் (ஜூன் 15)

பிறந்து வளர்ந்தது மணலி. கல்யாணமாகிப் பத்து வருடமாக மாதவரம் பக்கம். வெள்ளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

புழல் ஏரி நிரம்பி உபரி நீர் திறக்கும்போது வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். ஊர்ப் பெயர்கள் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம். உங்கள் வீடு மஞ்சம்பாக்கம் பக்கம் என்கிறீர்கள். பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதாலேயே எல்லாத் தெருவும் மூழ்கும் என்று அர்த்தமில்லை. கால்வாயிலிருந்து எவ்வளவு தூரம், தெரு மேடா பள்ளமா என்பதில் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரைக் கேட்காதீர்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் பாட்டியைக் கேளுங்கள், பழைய மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். கடையில் கீழ்த்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளம் கண்டவர்கள் அரிசி மூட்டையைத் தரையில் வைக்க மாட்டார்கள்.

"மூன்றாவது மாடிதானே" என்று நினைக்காதீர்கள். மோட்டார், மின்சாரப் பலகை, லிஃப்ட் குழி எல்லாம் கீழேதான். மிக்ஜாமில் என் தோழி நான்காவது மாடியில் மூன்று நாள் குடிதண்ணீர் இல்லாமல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்று காற்று. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இருக்கிறது. சில இரவுகளில் காற்று திரும்பும்போது வாடை வரும். தெற்கே கொடுங்கையூர் குப்பை மேடு. அங்கே பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது. எரிஉலை கொண்டுவரும் திட்டத்தை வட சென்னை மக்கள் எதிர்த்துத் தெருவில் நின்றதையும் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு எதுவும் இருக்கிறதா? இருந்தால் ஓர் இரவு பத்து மணிக்கு மேல் அவர்களை அழைத்துப்போய் அந்தத் தெருவில் அரை மணி நேரம் நடக்க வையுங்கள்.

நான் என் ஊரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், நான் எங்கும் போகப்போவதில்லை. எங்கள் தண்ணீரையும் காற்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தபால்பெட்டி (ஜூன் 15)

அக்கா சொன்னதில் ஒரு சொல்கூட மறுக்க முடியாது. எங்கள் தெரு மேடு, அதனால் எனக்கு அந்த அனுபவம் இல்லை. நான் எழுதியதில் அதைச் சேர்த்துப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை (ஜூன் 16)

யாரும் முழுத் தொகையைப் போட்டுப் பார்க்கவில்லை. 68 லட்சம் என்பது விலை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வங்கி கொடுப்பது சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான், பதிவுச் செலவு அதில் சேராது. 54 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 14 லட்சம் கையிலிருந்து. உங்கள் சேமிப்பு அதோடு காலி.

இன்னும் பணி நிறைவுச் சான்றிதழ் வராத கட்டடம் என்பதால் 5 சதவீத ஜி.எஸ்.டி., 3 லட்சத்து 40 ஆயிரம். முதல் விற்பனையில் வரும் அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 7 சதவீதம், 4 லட்சத்து 76 ஆயிரம். ஆக 8 லட்சத்துக்கு மேல் எங்கிருந்தாவது வர வேண்டும். மின்விசிறி, அலமாரி, ஜன்னல் கம்பிவலை எல்லாம் அப்புறம். நகையை வைத்து அதைச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த வட்டியையும் எழுதுங்கள்.

54 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு: மாதம் சுமார் 46,900. முழுக்கக் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 12 லட்சம் ஆகியிருக்கும். இப்போது வாடகை 17,000. மாதம் கிட்டத்தட்ட 30,000 வித்தியாசம். இருவரில் ஒருவர் வேலை ஆறு மாதம் நின்றால் என்ன ஆகும்? இதை மட்டும் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பணி நிறைவுச் சான்றிதழ் வந்தபின் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. "இப்போதே" என்று அவர் அவசரப்படுவதற்கு இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று யோசியுங்கள்.

மூலக்கடை வாடகை (ஜூன் 16)

வாங்குபவர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா தெரியவில்லை. மூலக்கடைக்கு அருகே 19 வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு வீட்டுக்காரர் இடத்தைக் கட்டுமானக்காரருக்குக் கூட்டு ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார். அவர் மேல் கோபமில்லை, அவருக்கும் மூன்று பிள்ளைகள். நாங்கள் இப்போது செங்குன்றம் தாண்டி இருக்கிறோம். அம்மா வேலை செய்யும் வீடுகள் இன்னும் பெரம்பூரில்தான், காலை நாலரைக்குக் கிளம்புகிறார்கள். ஒரு பகுதி வளர்கிறது என்று சொல்லும்போது இதுவும் சேர்ந்துதான் நடக்கிறது. அண்ணன் வீடு வாங்கினால் சந்தோஷம்தான். பதிவு செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பெரம்பூர்க்காரன் (ஜூன் 16)

தம்பி, கட்டாயம் எழுத வேண்டிய விஷயம். என் வீட்டுக்காரரும் போன மாதம் இடத்தைக் கொடுக்கப்போவதாகப் பேச்செடுத்தார். எனக்கு இந்த அவசரமே அதனால்தான் வந்தது. முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற லோகோ (ஜூன் 17)

பெரம்பூர் லோகோ பணிமனையில் 34 வருடம் வேலை செய்தவன். 1994இல் பொன்னியம்மன்மேட்டில் ஒரு மனை வாங்கி, நான்கு வருடம் கழித்து வீடு கட்டினேன். அப்போது தெருவிளக்கு கிடையாது, குடிதண்ணீருக்கு லாரி. மாதவரம் தனி நகராட்சி. 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சேர்த்தும் பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கிறதா, இல்லை தொட்டி நிரம்பினால் லாரி கூப்பிட வேண்டுமா என்று கேளுங்கள். 16 குடும்பத்துக்கு லாரி என்றால் மாதச் செலவு வேறு மாதிரி.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஜூன் மாதம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சாய்ந்து 61 பேர் போனார்கள். அன்று முதல் யார் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும் நான் மண் பரிசோதனை அறிக்கை கேட்பேன். ஏரிகள் சூழ்ந்த ஊர் இது. ரெட்டேரி ஒருபக்கம், மாதவரம் ஏரி ஒருபக்கம், புழல் ஒருபக்கம். களிமண் எங்கே எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. கேட்டால் நல்ல கட்டுமானக்காரர் மறுக்க மாட்டார்.

நான் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. பிள்ளைகள் படித்து வந்தது அந்த வீட்டிலிருந்துதான். ஆனால் நான் வாங்கியது மனை. என் நிலம் எனக்கு முழுதாக இருக்கிறது. உங்களுக்கு வருவது அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்று அந்த அம்மா கேட்டார்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பெரம்பூர்க்காரன் (ஜூன் 22)

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக அலைந்தேன்.

பிரிபடாத பாகம் 310 சதுர அடி. ரெரா பதிவு இருக்கிறது. மண் அறிக்கை "பொறியாளரிடம் இருக்கிறது" என்றார்கள், இன்னும் வரவில்லை. புல வரைபடத்தை இணையத்தில் எடுத்தேன். மனையின் தெற்கு ஓரமாக ஒரு வாய்க்கால் கோடு ஓடுகிறது. நேரில் போனால் வாய்க்காலைக் காணோம், சிமென்ட் சாலை இருக்கிறது. மூலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, "ரெண்டு தடவையும் இதுவரை" என்றார்.

வீட்டில் சண்டை. மனைவிக்கு வாங்க வேண்டும். "இதையும் விட்டால் அடுத்த வருடம் செங்குன்றத்தில்தான் கிடைக்கும்" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். பெரம்பூரில் நாங்கள் பார்த்ததெல்லாம் கோடிக்கு மேல்.

பத்திரம் பார்ப்பவள் (ஜூன் 22)

2019 கட்டட விதிகளின்படி சாதாரண அடுக்குமாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது நிலத்தைப்போல இரண்டு பங்கு கட்டலாம். அப்படியானால் 940 சதுர அடிக்குச் சுமார் 470, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 310 மட்டும் என்றால் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். பணம் கட்டிக் கூடுதல் தளப்பரப்பு வாங்கியிருக்க வேண்டும், அல்லது நிலத்தில் ஒரு பகுதியை யாரோ தன் பெயரில் வைத்துக்கொள்கிறார்கள். முதலாவது என்றால் அனுமதி வரைபடத்தில் தெரியும். 16 வீட்டின் பாகங்களையும் கூட்டி மொத்த நிலம் வருகிறதா என்று பாருங்கள். கூட்டல் குறைந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். முப்பது வருடம் கழித்துக் கட்டடத்தை இடிக்கும்போது உங்கள் மகளுக்கு மிஞ்சுவது அந்த எண்தான்.

வாய்க்காலை அ-பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அது நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால், மேலே சாலை போட்டதால் தன்மை மாறிவிடாது.

ஆதம்பாக்கத்து அப்பா (ஜூன் 23)

உங்கள் மனைவியின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள் சார். விலை ஏறுவது உண்மை. ஆனால் அந்தப் பயம் "மாதவரத்தில் ஒரு வீடு" என்பதைப் பற்றியது. "இந்த வீடு" என்பது வேறு. இரண்டையும் பிரித்துவிட்டுப் பேசிப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற லோகோ (ஜூன் 23)

நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுப் பாருங்கள். எப்படியும் பெரம்பூர் வீட்டைக் காலி செய்யும் நிலை வரப்போகிறது. அதே பகுதியில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வாருங்கள். ஒரு மழைக்காலம் பார்த்துவிடலாம். எந்தத் தெரு மேடு, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, யார் வீட்டை விற்கப்போகிறார்கள் என்பதெல்லாம் பால் வாங்கப் போகும்போதே காதில் விழும். தரகர் வழியாக வராத வீடுகள் இங்கே நிறைய. பத்துப் பதினைந்து வருடக் கட்டடம், ஆறு வீடு, எட்டு வீடு இருக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பிரிபடாத பாகம் பாதிக்கு மேல் வரும். இரண்டு வெள்ளத்தையும் பார்த்த கட்டடம், அதனிடம் மறைக்க ஒன்றுமில்லை.

பெரம்பூர்க்காரன் (ஆகஸ்ட் 18)

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். 16 பாகங்களின் கூட்டல் என்ன என்று எழுத்தில் கேட்டேன். மூன்று முறை கேட்டும் பதில் வரவில்லை, நான்காவது முறை "அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது" என்றார்கள். அன்று இரவு மனைவி அழுதாள். எனக்கும் தூக்கம் வரவில்லை.

போன ஞாயிறு பால்பண்ணைக்கு அருகே ஒரு பழைய முதல் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். 15,500. மகளுக்குப் பெரம்பூர்ப் பள்ளியேதான், வேன் வருகிறது. மணலி மகள் அக்கா சொன்னபடி அம்மாவை இரண்டு இரவு நடக்க வைத்துப் பார்த்தோம். ஒருநாள் லேசாக வாடை இருந்தது, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி ஒரு நோட்டு போட்டு, மாலை மழை பெய்யும் நாட்களில் எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது என்று எழுதத் தொடங்கியிருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி எட்டு வீட்டுக் கட்டடத்தில் ஒருவர் மகனோடு கோவைக்குப் போகப்போவதாக நேற்று அம்மா கோயிலில் கேட்டு வந்தார்கள். தைக்கு மேல்தான் விற்பாராம்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். நோட்டில் இருப்பதை அப்படியே இங்கே போடுகிறேன்.

மணலி மகள் (ஆகஸ்ட் 18)

தெருப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். புழல் ஷட்டர் திறக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வேன்.